ஓரகத்திக்குத் தைத்த தலையணை

எங்கள் சித்தப்பாவின் மூத்த மகள் எனக்குத் தங்கை முறை. வீட்டில் எல்லாரும் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவோம். உடம்பும் ஊசி, வாயும் ஊசி. மெத்தைக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து தலையணை தைப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குப் பிழைப்பு.

தலையணையில் என்ன பெரிய வித்தை, ஒரு பையில் பஞ்சைத் திணித்து வாயைத் தைத்தால் ஆச்சு என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டாள்.

"செருப்பு வாங்கப் போனா கால் அளவு கேக்குறாங்கல்ல அண்ணே? தலைக்கு மட்டும் கையில கிடைச்சதை வாங்கிட்டுப் போவீங்களா?"

அன்றைக்கு அவள் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. ஒருக்களித்துப் படுக்கிற ஆளுக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் பள்ளம் விழும். அதை நிரப்புகிற உயரம் வேண்டும், தலை வைத்ததும் அமுங்கிப் போகாத கெட்டியும் வேண்டும். மல்லாந்து படுக்கிறவர்களுக்கு நடுத்தரம் போதும், பிடரிக்குக் கீழே மட்டும் கொஞ்சம் தூக்கலாக. குப்புறப் படுக்கிறவர்களுக்குத் தலையணையே ஆகாது. அடம்பிடித்தால் மடித்த துண்டு கனத்துக்கு ஒன்று கொடுக்கலாம். அவர்களுக்குப் போய் உயரமாகக் கொடுத்தால் கழுத்து முறுக்கிக்கொண்டு, எழுந்திருக்கும்போது முகம் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாக இருக்குமாம்.

"வர்றவங்க எப்படிப் படுப்போம்னு அவங்களே சொல்லிடுவாங்கல்ல?" என்றேன்.

"தூங்குறவனுக்கு எப்படிண்ணே தெரியும், தான் எப்படித் தூங்குறோம்னு?"

அதனால் அவள் யார் பேச்சையும் நம்பமாட்டாள். கடைக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சந்து. வந்தவரை அது வழியாகப் பார்ப்பாள். ஒரு தோள் இறங்கியிருக்கிறதா, ஒரு காது மட்டும் அமுங்கிக் கிடக்கிறதா, கன்னத்தில் எந்தப் பக்கம் கோடு விழுந்திருக்கிறது, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பஞ்சைத் தொடுவாள். முதலாளி சீட்டில் என்ன எழுதிக் கொடுத்தாலும் அது அவளுக்கு வெறும் காகிதம்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை ஆளைப் பார்த்தும் பார்க்காமல் தைத்தாள்.

அதற்கு முன்னால் பழைய விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். ஊசியின் புருஷன் பஸ் டிப்போவில் ஃபிட்டர். தங்கமான பையன். காய்ச்சல் என்று படுத்தான், நாலே நாளில் போய்விட்டான். பிள்ளை கிடையாது. அவனுடைய அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அண்ணன் பெண்டாட்டியை, அதாவது ஊசியின் ஓரகத்தியை, நாங்கள் பெரியவள் என்போம். கையில் சாவிக்கொத்தும் வாயில் குத்தலும் எப்போதும் இருக்கும்.

அவன் போன மறுவாரம், ஒரு மத்தியான நேரம். ஊசி கூடத்துத் தரையில் அவன் கடைசியாகத் தலை வைத்திருந்த தலையணையில் முகத்தைப் புதைத்துப் படுத்திருக்கிறாள். அதில் அவன் தேய்க்கிற எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. பெரியவள் வந்தாள். ஒரே இழுப்பு. ஊசியின் தலை தரையில் மோதியது.

"உனக்கு எதுக்குடி தலையணை? தலைக்கு மேல கூரையே இருக்கப் போறதில்ல."

சொன்னதோடு விட்டாளா? அதைக் கொண்டுபோய்ப் பின்வாசலில் நாய் படுக்கிற மூலையில் போட்டாள். நாய் சுற்றிச் சுற்றி வந்து அதன்மேல் படுத்துக்கொண்டதை ஊசி நின்று பார்த்தாள். அன்று சாயந்திரமே ஒரு பையோடு எங்கள் சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். அழவில்லை. "ஒரு நாளாவது அவ தலை சாய்க்க இடம் இல்லாம தவிக்கணும். அதைப் பாக்காம நான் சாகமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். ஆற்றாமையில் சொல்கிறாள், போகப் போக ஆறிவிடும் என்று நினைத்தோம். ஆறவில்லை. நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அது அவளுக்குத்தான் பொருந்தும்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்தக் குரல் கடைக்குள் கேட்டது.

"கழுத்து திரும்பவே மாட்டேங்குதுங்க. மூணு வருஷமா இதே ரோதனை. நான் குப்புறப் படுக்கிற ஆளு. நல்ல மெல்லிசா ஒண்ணு தெச்சுக் குடுங்க."

ஊசி சந்து வழியாகப் பார்த்தாள். பெரியவளேதான், தடித்து, தலை நரைத்து. முகத்தைப் பார்த்தாளே தவிர ஆளைப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஏழு வருஷம் ஒரே கூடத்தில், சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே குப்புற விழுந்து குறட்டை விட்டவளைச் சுற்றிச் சுற்றிப் பெருக்கியவள்தானே இவள். அந்தப் படுக்கை அவளுக்கு மனப்பாடம்.

முதலாளி சீட்டு கொடுத்துவிட்டுப் போனார். ஊசி மூக்குத் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே பஞ்சைக் கட்டையால் இடித்து இடித்து இறுக்கினாள். வெளிச்சுற்றுக்கு மட்டும் நன்றாக உதிர்த்த பஞ்சைப் பரப்பினாள். கையால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். தலை வைத்தால்தான் கல் தெரியும்.

"என்னம்மா, மெல்லிசா கேட்டாங்க, நீ மலை மாதிரி வெச்சிருக்க?" என்றார் முதலாளி.

"புதுப் பஞ்சு முதலாளி. ரெண்டு நாள்ல அமுங்கிடும்னு சொல்லுங்க."

அந்த வாரம் நான் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. டீ போட்டுக் கொடுத்தாள்.

"இன்னைக்கு நாலாவது நாள் அண்ணே. இந்நேரம் கூப்பிட்ட திசைக்கு முழு உடம்பையும் சேத்துத் திருப்பிக்கிட்டு நிப்பா, லாரி மாதிரி."

"பாவம்டி."

"யாரு? என் தலை தரையில மோதினப்போ இந்தப் பாவம் எங்க மேயப் போயிருந்துச்சு?"

நான் டீயைக் குடித்தேன்.

பதினோராம் நாள் பெரியவள் மறுபடி கடைக்கு வந்தாள். புலம்பலைக் காது குளிரக் கேட்கலாம் என்று ஊசி கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

"யாரு கைங்க இது? கும்பிடணும் அந்தக் கையை! மூணு வருஷத்துக்கு அப்புறம் இப்பதான் கழுத்து வலி இல்லாம எழுந்திருக்கிறேன்."

முதலாளிக்கே ஆச்சரியம். "குப்புறப் படுக்கிறேன்னுதானே சொன்னீங்க?"

"அப்படித்தாங்க நானும் நெனச்சிட்டிருந்தேன். வயித்துல ஆபரேஷன் பண்ணதுல இருந்து, குப்புறப் படுத்தாலும் கண்ணசந்ததும் ஒருக்களிச்சுடுறேனாம். எங்க வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். தலைக்கு மெல்லிசா வெச்சுக்கிட்டுத் தோள்ல தொங்கிட்டுக் கிடந்திருக்கேன்!"

ஊசி சந்து வழியாக இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தாள். இடது தோள் இறங்கியிருக்கிறது. இடது காது அப்பளம் மாதிரி அமுங்கியிருக்கிறது. கன்னத்தில் கோடு. எதிரே வந்து நின்ற அன்றைக்கும் இதெல்லாம் இருந்திருக்கும்தானே? குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராய் முடிந்திருந்தது. யார் தவிக்க வேண்டும் என்று காத்திருந்தாளோ, அவளைத் தன் கையாலேயே தாலாட்டித் தூங்க வைத்திருக்கிறாள். "அந்தக் கட்டையால என் தலையிலேயே இடிச்சுக்கலாம்னு இருந்துச்சு அண்ணே" என்று பிறகு சொன்னாள்.

முதலாளி உற்சாகமாகக் கூப்பிட்டார். "வெளிய வாம்மா, உன்னைப் பாக்கணுங்கிறாங்க!"

வந்தாள். தலையெல்லாம் பஞ்சு, மூக்கு வாயை மூடிய துணி. பெரியவள் பாய்ந்து வந்து அவள் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மகராசி, நீ நல்லா இருக்கணும்." ஊசி கையை உருவிக்கொண்டு மூக்குத் துணியை அவிழ்த்தாள்.

"நல்லா தூங்குறீங்களாக்கா?"

பெரியவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீயா?"

"நான்தான். உன்னைக் குப்புறப் படுக்கிற ஆளுன்னு நெனச்சுத்தான் அதை அவ்வளவு உயரமா தெச்சேன். உன் கழுத்து ஒடியணும். ஒவ்வொரு பிடிப் பஞ்சுக்கும் ஒரு சாபம் வெச்சு இடிச்சேன், கை விட்டுப்போற வரைக்கும். கெட்ட நேரம், உனக்கே பொருந்திடுச்சு. போ. போய் அது மேலயே தலை வெச்சுப் படு."

"ஏண்டி, எப்பவோ நடந்ததை எல்லாம் இன்னுமா..."

"இன்னும்தான்."

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்தக் கைக்கு வேறு கை எங்கே போய்த் தேடுவார்?

பெரியவள் அந்தத் தலையணையைத் தூக்கிப் போடவும் மனசு வராமல், தலை வைக்கவும் முடியாமல் தவித்திருக்கிறாள். தலை வைத்தால் உள்ளே யாரோ முணுமுணுக்கிற மாதிரி இருக்கிறதாம். வேறு கடைகளில் ஃபோம், ரப்பர், நடுவில் பள்ளம் வைத்தது என்று ஒன்பது தலையணை வாங்கியாகிவிட்டது. ஒன்று உயரம், ஒன்று தாழ்வு, ஒன்று சூடு. கழுத்து பழையபடி பிடித்துக்கொண்டது.

ஒரு மாதம் கழித்து அவள் புருஷன் கடைக்கு வந்தார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். மனுஷன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் பலகைத் தடுப்பு ஓரமாக வந்து நின்றார்.

"அம்மாடி, அவ நாற்காலியில உக்காந்தபடியே தூங்குறா. கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. நீ ஒண்ணு தெச்சுக் குடு. உன் கையால தெச்சதுன்னு நான் மூச்சு விடமாட்டேன்."

ஊசி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"நாற்காலியிலயா தூங்குறாங்க?"

"ஆமாம்மா."

"உக்காந்து தூங்குறவங்களுக்குத் தலையணை அளவு எனக்குத் தெரியாது மாமா. நாற்காலிக் கடையில கேட்டுப் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். பெரிய மனுஷன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்கிற பார்வை. எனக்கு அவரும் உறவுதான், ஊசியின் புருஷன் வழியில் மச்சான் முறை வேண்டும். ஆனாலும் நான் கீழே உருண்டு கிடந்த நூல்கண்டை எடுத்து ஊசி பக்கம் வைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

பிறகு முதலாளி ஒன்று சொன்னார். அன்று மத்தியானம் ஊசி சாப்பிட்டுவிட்டுப் பஞ்சு மூட்டைமேல் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாளாம். இருபத்திரண்டு வருஷத்தில் வேலை நேரத்தில் அவள் கண் மூடி அவர் பார்த்ததே இல்லை. வாசலில் இரண்டு பேர் தலையணைக்குக் காத்திருந்தார்கள். நாளைக்கு வாருங்கள் என்று அவர்களை அனுப்பிவிட்டாராம்.