வெயில் விழுந்த பிறகுதான் தெரிந்தது

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் பிள்ளை பெற்றவர்கள் இருக்கும் வீடுகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவம் முடிந்ததும் தங்கை கவிதாவை அன்னவாசல் பக்கத்தில் உள்ள என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பச்சை உடம்பில் காற்றுப் பட்டால் ஜன்னி வரும் என்று ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழந்துணியும் அடைத்தேன்.

"இருட்டா இருக்குக்கா, அழுகையா வருது" என்றாள்.

"பத்து நாளு பொறுத்துக்க" என்று அதட்டினேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பிள்ளை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தான். சமர்த்து என்று நினைத்தேன். பார்க்க வந்த நர்சம்மா, "என்னங்க, குகைக்குள்ளயா வச்சிருக்கீங்க?" என்று சிரித்தபடி ஜன்னலைத் திறந்தார். பிள்ளை மேல் வெயில் விழுந்தது. உள்ளங்கால் வரை மஞ்சள். அவர் சிரிப்பு நின்றது.

"இப்பவே புதுக்கோட்டைக்குக் கெளம்புங்க."

ஆட்டோவில் வழியெல்லாம் அவன் பாதத்தைச் சுண்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூட அழவில்லை.

ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலை என்று நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். ஜன்னல் வெயில் பட்டிருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்டேன். "ஜன்னல் வெயில் இதுக்கு மருந்தில்லம்மா. வெளிச்சம் இருந்திருந்தா முன்னாடியே கண்ணுல பட்டிருக்கும்" என்றார் டாக்டர். மறுநாள் மாலை அவன் பாலுக்கு வீறிட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது விடிந்ததும் ஜன்னலைத் திறந்து, பிள்ளையை உள்ளங்கால் வரை பார்க்கிறேன். கவிதா அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து தலை சீவுகிறாள்.

"இப்ப ஜன்னி வராதாக்கா?" என்று கேலி செய்கிறாள்.

அழுகையா வருது என்று அவள் சொன்னபோது, இருட்டில் அவள் முகத்தையும் நான் பார்க்கவில்லை.