அக்கரைக்குப் போன கண்டம் கயிறு

எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அப்பாவின் சட்டையை விட்டுக் கிரீஸ் வாடை போகாது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிரேன்களைப் பராமரிப்பது அவர் வேலை. கிரேனின் கம்பிக் கயிற்றுக்கு வயதானால், அறுந்துவிழும்வரை காத்திராமல் கழற்றிச் சிவப்புச் சாயம் பூசி ஒதுக்கிவிடுவார்கள். அதற்கான 'கண்டெம்' என்ற ஆங்கிலச் சொல் அங்கிருந்த தமிழர் வாயில் 'கண்டம்' ஆகிவிட்டிருந்தது.

அந்தக் கயிறுகளைத்தான் அனுமதி வாங்கி, அப்பாவும் நண்பர்களும் தமிழ்நாட்டில் என் சித்தியின் ஊருக்கு அனுப்பினார்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அக்கரை போக வழியில்லாத ஊர் அது; அங்கே ஒரு நடைபாலம் கட்டத்தான் இவ்வளவு பாடும். பூன் லேயில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்பா பெருமையாகச் சொன்னார்: "எல்லாம் கண்டம் கயிறுதான்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். மீன்காரர் "இன்னிக்குப் பிடிச்சதுக்கா" என்றாலே செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள். போதாததற்கு, சித்திக்குத் 'தண்ணியில கண்டம்' என்று ஜோசியர் வேறு சொல்லியிருந்தார்.

"வேணாம்னு தூக்கிப் போட்டதுலயா என் தங்கச்சி நடக்கணும்?"

"கிரேனுக்குத்தான் கண்டம், ஆளுக்கில்ல லா. கண்டெய்னரையே தூக்கின கயிறு."

அம்மா நம்பவில்லை. நானும் அம்மா கட்சிதான். பாலத்தில் கால் வைக்க மாட்டேன் என்று சித்தியிடம் தொலைபேசியிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

டிசம்பர் விடுமுறையில் நாங்கள் போனபோது சித்தி நிறைமாதம். அப்பா பாலத்தின் நடுவில் நின்று குதித்துக் காட்டினார். "ஒல்லியா இருக்கீங்க, அதான் தாங்குது" என்றாள் அம்மா, கரையிலிருந்தபடியே. மறுநாள் சித்திக்கு வலி எடுத்தது; ஆறு கரைபுரண்டு ஓடியது; ஆஸ்பத்திரியோ அக்கரையில். சித்தப்பா கையைப் பிடித்து இழுத்தும் சித்தி பாலத்தில் ஏறாமல், "சத்தியம் பண்ணிட்டேனே அக்கா" என்று அழுதாள். அம்மா அப்பாவை ஒரு முறை முறைத்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் பலகையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத் தானே முன்னால் நடந்தாள்; சித்தி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். கீழே தண்ணீர் இரைந்தது. கயிறு தாங்கியது. அக்கரையில் அன்றே பெண் பிறந்தாள்.

அப்போதும் அம்மா பாராட்டவில்லை. "இந்தத் தடவை தாங்கிடுச்சு" என்றதோடு சரி.

இப்போது அப்பா இல்லை. அவர் வேலை பார்த்த தளமும் மூடப்பட்டுவிட்டது. கயிற்றைப் பார்த்துக் 'கண்டம்' என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை. போன வாரம் ஃபேரர் பார்க் பக்கம் சாலையைக் கடக்க மேம்பாலம் ஏறியபோது, அம்மா முதல் படியைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"சிங்கப்பூர்ல பாலம் விழுமாம்மா?" என்று சிரித்தேன்.

"யாருக்குத் தெரியும்? இது உங்கப்பா போட்டதில்லையே" என்றாள்.