நாத்தனாருக்குக் கிடைத்த மாத்திரை

போன வருடம் புரட்டாசியில் நடந்தது இது. நானும் என் நாத்தனாரும் தருமபுரியில் ஒரு இதய டாக்டரிடம் போயிருந்தோம். இருவருக்கும் சர்க்கரை. இருவருக்கும் ஒருமுறை மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தாயிற்று. மறுபடி வராமல் தடுக்கப் புது மாத்திரை ஒன்றைச் சோதிக்கிறார்களாம், விருப்பமிருந்தால் சேரலாம் என்றார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவளைச் சேர்த்துக்கொண்டு, கிட்னி சரியில்லை என்று என்னைக் கழித்துவிட்டார்கள்.

பாதிப் பேருக்குத்தான் நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என்று சொன்னது என் காதில் ஏறவே இல்லை. அடுத்தவர் இலைப் பாயசம்தான் இனிக்கும் என்பார்களே, அந்தக் கதை! அந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மா போன் போட்டு அவளை நலம் விசாரித்தால் எனக்கு வயிறு எரியும். எங்கள் ஊர் பொம்மிடி ரயில் ஸ்டேஷன் படியில் அவள் எனக்கு முன்னால் ஏறிவிட்டால், ‘பார், மாத்திரை வேலை செய்கிறது’ என்று மனசு கறுவும்.

“உனக்கென்னம்மா, இனிமே இரும்பு நெஞ்சு. நான்தான் கழிச்சுப் போட்ட அழுகல் தேங்கா” என்பேன்.

“என் நெஞ்ச வேணா கழட்டித் தரட்டுங்களா அண்ணி? அதுல எங்க அண்ணனத் திட்டறதுக்கு எடம் பத்தாதுங்களே!” என்று சிரிப்பாள்.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் வீட்டுக்கு வந்தவள், கீரைக்கட்டுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். உள்ளே அத்தனையும் அந்த மாத்திரைகள்.

“ஒரு நா நான் போட்டுக்குவேன், மறுநா உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருவேனுங்க அண்ணி. நீங்க போயிட்டா இந்த வூட்டுல நான் யாருகூட சண்ட போடறது?”

வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் விழுங்கிவிடலாமா என்றுகூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு, இவள் தன் உயிரைக் காக்கிற மருந்தையே ஒரு நாள் விட்டு ஒரு நாள் நிறுத்தியிருக்கிறாள்!

மறுநாளே அவளை இழுத்துக்கொண்டு தருமபுரி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். “தொரத்திருவாங்களா அண்ணி?” என்று பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள். நர்ஸம்மா விளாசித் தள்ளிவிட்டார். “கிட்னிக்கு ஆகாதுன்னுதானே இந்தம்மாவச் சேக்கல? கொல்லப் பாத்தீங்களா?” நல்லவேளை, விட்டுப்போனதைக் குறித்துக்கொண்டு, இனி ஒழுங்காகப் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்குக் கிடைத்தது நிஜ மருந்தா, வெறும் மாத்திரையா? இன்றுவரை தெரியாது. அவள்மேல் எனக்குப் பொறாமை மட்டும் தீரவில்லை. ஆனால் இப்போது அது மாத்திரைக்காக இல்லை, தனக்கென்று கிடைத்த ஆயுசில் பாதியைச் சத்தமில்லாமல் இன்னொருத்திக்கு எடுத்து வைக்கிற அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்றுதான்.