தூளியில் விட்ட இடம்

என் மகள் யாருக்கு இடம் விட்டுப் படுக்கிறாள்? எத்தனை யோசித்தும் எனக்கு விடை தெரியவில்லை.

கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில், கடலைக்காடுகளுக்கு நடுவே எங்கள் வீடு. அடுத்த வீட்டு அக்காவின் ஆண் குழந்தை போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனது. காரியமெல்லாம் முடிந்தும் அவர் தூளியை அவிழ்க்கவில்லை. விட்டத்தில் கட்டிய சேலை அப்படியே தொங்கியது. சோற்றைத் தொடாமல் அதை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

வெறும் தூளியை ஆட்டக்கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். அதை அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வெறுமையாக இருந்தால்தானே தோஷம் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் என் மகளைக் கொண்டுபோய் அதில் போட்டேன். எங்கள் வீட்டில் தூங்க அடம்பிடிக்கிறவள், அங்கே உடனே கண்ணயர்ந்தாள். அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒருவாய் சோறு போடு அம்மிணி" என்றார்.

அதன்பிறகு தினமும் கொண்டுபோனேன்.

துணித்தூளியில் உடம்பு தானாக நடுவுக்குச் சரியும். இவளோ ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டு கிடந்தாள். மறுபக்கத் துணியும் கனத்துத் தொங்கியது. கைவைத்துப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. இவள் உடம்புச் சூடுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

"ஏனுங்க்கா, இவ எதுக்கு ஓரமாவே படுக்கறா?"

அக்கா பருப்புக் கடைவதை நிறுத்தவில்லை. "ரெண்டு பேருக்கும் எடம் பத்த வேண்டாமா, அம்மிணி?"

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் மாமியார் பிடித்துக்கொண்டார். "எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச மூளைக்கு இதுதான் தோணுச்சாக்கும்! இனி அந்தூட்டுக்குக் கொழந்தயத் தூக்கீட்டுப் போனீன்னா பாரு."

மறுநாள் போகவில்லை. அக்கா வீட்டில் அடுப்பே புகையவில்லை. என் மகளை எங்கள் தூளியில் போட்டுவிட்டு, துணி உலர்த்தப் போனேன். கொடியில் ஒரு துணிகூட அசையவில்லை. அப்படி ஒரு புழுக்கம். உள்ளே விட்டம் கிறீச்சிட்டது. ஓடிவந்து பார்த்தேன். தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. என் மகள் ஓரமாக ஒதுங்கி, இடம் விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாமியாருக்குத் தெரியாமல் மறுபடியும் அக்கா வீட்டுக்குத் தூக்கிப் போகிறேன். அவர் சாப்பிடுகிறார். நான்தான் தூளியை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

குழந்தையை வளர்த்தவர்களோ பறிகொடுத்தவர்களோ இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். நான் நிறுத்திவிடட்டுமா? நிறுத்தினால் அக்காவை எப்படிச் சாப்பிட வைப்பது?