ஓய்வு நாளில் போன முழங்கால்

என் வலது முழங்கால் ஆட்டத்தில் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிற எல்லோரும் "மேட்ச்ல அடிபட்டுதா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எதிரணிப் பெண் யாரும் என்னை இடறிவிடவில்லை. அன்றைக்குப் பந்துகூடப் பையை விட்டு வெளியே வரவில்லை. முந்தின நாள் தோற்றுப்போனதற்குத் தண்டனையாக, ஓய்வெடுக்க வேண்டிய நாளில், தோளில் மணல் மூட்டையை வைத்துக் குதிக்கச் சொன்னார்கள். குதித்தேன். அப்போது போனது.

எங்கள் ஊர் கீழ்வேளூர் பக்கம். அப்பா குத்தகைக்கு நிலம் பிடித்து நெல் போடுகிறவர். பள்ளிக்கூடத்தில் ஆட ஆரம்பித்த கால்பந்து என்னை மாவட்டம், மாநிலம் என்று இழுத்துக்கொண்டு போய், தஞ்சாவூரில் புதிதாகத் தொடங்கிய பெண்கள் கிளப் ஒன்றில் கொண்டுபோய் விட்டது. தங்க இடம், சாப்பாடு, மாதச் சம்பளம் எல்லாம் உண்டு. பந்து உதைக்கிறதுக்கா சம்பளம் என்று ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. அம்மா மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மைதானம் ஊருக்கு வெளியே, வயலை மண்ணடித்து மேடாக்கிய இடம். மேலே பச்சையாகப் புல் இருக்கும். அடியில் இருப்பது களிமண்தான். வெயில் ஏறினால் அது எப்படி இறுகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் அதில் பிறந்து வளர்ந்தவர்கள். ஓடினால் அடி நேராக முழங்காலில் வந்து இறங்கும்.

தலைமைப் பயிற்சியாளர் ஆட்டத்தைப் பார்த்துக்கொள்வார். எங்கள் உடம்பு முழுக்க இன்னொருவர் பொறுப்பில் இருந்தது. அவரை ஃபிட்னஸ் சார் என்போம். வெளியூர்க்காரர். நாற்பதை நெருங்கிய வயது, முறுக்கேறிய உடம்பு, எந்நேரமும் கழுத்தில் விசில். எவ்வளவு ஓட வேண்டும், என்ன தூக்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், எப்போது படுக்க வேண்டும், எல்லாம் அவர் சொல்வதுதான். வந்த முதல் நாளே, வலி என்று வந்து நிற்கிறவர்கள் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். எல்லோரும் கைதட்டினோம்.

அவருக்குக் கீழே பிசியோ ஒருத்தி. எங்களைவிடச் சில வயது மூத்தவள், அக்கா என்று கூப்பிடுவோம். வீக்கத்துக்கு ஐஸ் வைப்பது, கட்டுப் போடுவது, யாருக்கு எவ்வளவு ஓய்வு என்று சொல்வது அவள் வேலை. சொல்வது மட்டும்தான் அவள் வேலை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் விழுந்தவள் எங்கள் கோல்கீப்பர். முத்துப்பேட்டைக்காரி, விடுதியில் என் அறைத்தோழி. முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அது வலி இல்லை, பயம் என்றார் ஃபிட்னஸ் சார். டேப்பைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கினவள் காலைத் தரையில் ஊன்ற முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஸ்கேன் எடுத்தால் எலும்பில் கீறல். பல நாள் கீறல் என்றார் டாக்டர். கிளப்பில் என்ன சொன்னார்கள் தெரியுமா? சின்ன வயதில் சத்தான சாப்பாடு இல்லை, அதனால் எலும்பு பலமில்லை என்றார்கள்.

"எங்க அப்பா கடலுக்குப் போறவரு. மீன் தின்னே வளர்ந்தேன். எனக்குச் சத்தில்லையாம்" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து வலது ஓரத்தில் ஆடுகிறவளுக்குத் தொடைச் சதை கிழிந்தது. அவள் ஒழுங்காக வார்ம் அப் செய்யவில்லையாம். அடுத்தவளுக்குக் கணுக்கால். அவள் வாங்கிய ஷூ சரியில்லையாம். யாருக்கு என்ன ஆனாலும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைத் தோண்டிப் பார்த்தால் கடைசியில் ஒரு பெண்தான் நின்றாள். விசில் வைத்திருந்தவர் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

அப்புறம் என் முறை. தோற்ற அந்த ஆட்டம் முடிந்தபோது என் வலது முழங்கால் வீங்கியிருந்தது. அக்கா அழுத்திப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். முகம் மாறியது. நாளைக்கு நீ எதுவுமே செய்யக்கூடாது, நான் சாரிடம் சொல்கிறேன் என்றாள். சொல்லவும் செய்தாள். மைதானத்து ஓரத்தில் அவள் அவரிடம் பேசுவதையும், அவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் தலையை ஆட்டுவதையும் நான் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். ஆட்டத்துக்கு மறுநாள் நடை, நீட்டிமடக்கல், அவ்வளவுதான் இருக்க வேண்டும். அன்று மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. நான் அவரிடம் போய், "சார், நான் இன்னைக்குப் பண்ணக் கூடாதுன்னு அக்கா சொன்னாங்க" என்றேன்.

"டீமை நடத்துறது உங்க அக்காவா, நானா?" என்று கேட்டார். ஒரு மூட்டையைத் தானே தூக்கி என் தோளில் வைத்தார்.

தடைக் கட்டைகளைத் தாண்டித் தாண்டிக் குதிக்க வேண்டும். சில கட்டைகள் தாண்டினேன். இறங்கும்போது முழங்காலுக்குள் சொடக்குப் போட்டது போல ஒரு சத்தம். கீழே கிடந்தேன். அவர் என் தலைமாட்டில் நின்றுகொண்டு "எந்திரி, எந்திரி" என்றார். ஊன்றுகோலோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்த கோல்கீப்பர்தான் நொண்டிக்கொண்டே வந்து, அவரைத் தள்ளிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூட்டையை என் மேலிருந்து எடுத்தவளும் அவள்தான்.

முழங்கால் எலும்புகளைப் பிடித்து வைக்கிற லிகமென்ட் முழுசாகக் கிழிந்துவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்தது. ஆபரேஷனைக் கிளப்பே செய்து வைத்தது. அதையே பிறகு என் வாய்க்குப் பூட்டாகவும் போடப் பார்த்தார்கள். கிளப் மேலாளர் ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடையோடு வந்தார். அப்பா எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ரொம்ப நன்றிங்க, நீங்க இல்லன்னா எங்களால என்ன முடியும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மகளின் காலை உடைத்தவர்களுக்கு நன்றி. மேலாளர் போனதும் அப்பாவிடம் கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு உன்னை வேண்டாம்னு அனுப்பிட்டா என்னம்மா பண்ணுவே?" என்றார். அப்பாமேல் வந்த கோபமும் கடைசியில் அந்தக் கிளப்மேல்தான் போய்ச் சேர்ந்தது. அவரை அப்படி நிற்க வைத்தது யார்?

நடக்க ஆரம்பித்ததும் நானும் கோல்கீப்பரும், தொடைச் சதை கிழிந்தவளும் மேலாளரைப் பார்க்க நேரம் கேட்டோம். இழுத்தடித்து ஒரு நாள் கூப்பிட்டார்கள். ஏசி அறை. மேலாளர், தலைமைப் பயிற்சியாளர், ஃபிட்னஸ் சார், பிசியோ அக்கா எல்லோரும் இருந்தார்கள். நடந்ததை நான் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

ஃபிட்னஸ் சார் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேலாளரைப் பார்த்து, "வலி இருந்தா சொல்லியிருக்கணும் சார். எங்கிட்ட இவ சொல்லவே இல்ல" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். மேலாளரும் அவளைப் பார்த்து, நீ ஓய்வு சொன்னாயா என்று கேட்டார். அவள் மேஜைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பார்த்துப் பண்ணச் சொன்னேன் சார்."

அதோடு முடிந்தது. தலைமைப் பயிற்சியாளர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். விளையாட்டு என்றால் அடிபடத்தான் செய்யும், ஆளைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது, எல்லோரும் ஒரே குடும்பம் என்று மேலாளர் பேசிக்கொண்டே போனார். கோல்கீப்பர்தான் நடுவில் நிறுத்தினாள்.

"நான் ஒரு கோல் விட்டா அடுத்த மேட்ச் வெளியில உக்கார வைக்கிறீங்க. அதுக்கு நான் பொறுப்பு, சரி. இத்தனை பேருக்குக் கால் போயிருக்கே, அதுக்கு யாரு சார் பொறுப்பு?"

காபி வந்தது. நாங்கள் குடிக்காமல் எழுந்து வந்தோம்.

சீசன் முடிந்ததும் ஃபிட்னஸ் சாருக்குச் சால்வை போட்டு அனுப்பிவைத்தார்கள். வேறொரு ஊரில் இதைவிடப் பெரிய கிளப்பில் அவருக்கு இதே வேலை கிடைத்தது. இங்கே என்ன நடந்தது என்று அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தாலும் இவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் மூன்று பேரையும் அடுத்த சீசனுக்குக் கூப்பிடவில்லை.

ஊருக்கு வந்தேன். சம்பா நடவு நேரம். வீட்டில் எல்லோரும் வயலுக்குப் போய்விட, நான் நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்தில் தனியாக டாக்டர் சொல்லித்தந்த பயிற்சிகளைச் செய்வேன். காலை மடக்கினால் கண்ணில் தண்ணீர் வரும். வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பேச்சு: போனது போகட்டும், ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கோ. போனது எதுவென்று அவர்களுக்குத் தெரியாது. நான் கண் திறந்த நாளிலிருந்து நன்றாகச் செய்த ஒரே காரியம் ஓடுவது. அதை ஒரு ஆள் ஒரு காலை நேரத்தில் பிடுங்கிவிட்டு, சால்வை வாங்கிக்கொண்டு போய்விட்டான். இதற்கு நான் சாந்தமாக இருக்க வேண்டுமாம்.

ஒரு நாள் அக்கா போன் செய்தாள். அவளும் அந்த வேலையை விட்டுவிட்டாளாம். அழுதாள். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், வீட்டில் தன் சம்பளம்தான் என்றாள். "என் காலு போயிடுச்சேக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பாவம், மன்னித்திருக்கலாமே என்று அம்மா சொன்னாள். மன்னிக்கத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

கிளப்பில் அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்கிற நாள் தெரிந்ததும் கோல்கீப்பர் கூப்பிட்டாள். நாம் போவோம் என்றாள். பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போய், மைதானத்து வாசலில் டீக்கடைப் பக்கம் நின்றோம். மகள்களைக் கூட்டிக்கொண்டு வந்த ஒவ்வொரு பெற்றோரிடமும் போய்ப் பேசினோம். சேர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் பெண்ணுக்கு அடிபட்டால் ஓய்வு கொடுக்கிற முடிவு யாருடையது, அதை மீறுகிறவருக்கு என்ன ஆகும், இந்த இரண்டை மட்டும் உள்ளே போய்க் கேளுங்கள் என்றோம். என் முழங்கால் தழும்பையும் காட்டினேன்.

சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் மேலாளர் வெளியே வந்து, உடனே கிளம்பாவிட்டால் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள் சார், அவர்களிடமும் இதையேதான் சொல்வோம் என்றாள் கோல்கீப்பர். அவர் கூப்பிடவில்லை.

மன்னார்குடியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எங்களிடம் அதிகம் பேசவில்லை. நேராக உள்ளே போய், எல்லோர் முன்னாலும் மேலாளரிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டிருக்கிறார். பதில் மழுப்பலாக வந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவர் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். நல்லா ஆடுகிற பெண்கள் சிலர் அன்று கிளப்புக்குக் கிடைக்காமல் போனார்கள். அதுதான் அவர்களுக்கு உறைத்தது.

சில வாரங்கள் கழித்துப் பேப்பரில் செய்தி. பிசியோ ஓய்வு என்று சொன்னால் இனி யாரும் அதை மாற்ற முடியாது, மீறுகிற பயிற்சியாளர் மேல் நடவடிக்கை. வீராங்கனைகளின் நலனில் கிளப் காட்டும் அக்கறையாம். மேலாளர் சிரித்தபடி போட்டோ. நான் பேப்பரைக் கசக்கி எறிந்தேன். "நீங்க கேட்டதுதானே நடந்திருக்கு?" என்றாள் அம்மா. நடந்ததுதான். ஆனால் ஒரு வார்த்தை, தப்பு நடந்துவிட்டது என்று ஒரே ஒரு வார்த்தை, எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

போன தையில் மயிலாடுதுறையில் ஒரு கல்யாணம். தொடைச் சதை கிழிந்த எங்கள் தோழிதான் பெண். ஃபிட்னஸ் சாரும் வந்திருந்தார். அவள் அப்பா கிளப்பில் அப்போது இருந்த எல்லோருக்கும் பத்திரிகை வைத்திருக்கிறார். பந்திக்குக் காத்து நிற்கும்போது அவராகவே என்னிடம் வந்தார். சிரித்துக்கொண்டே, "கால் எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"மாடிப்படி இறங்கினா வலிக்குது சார்."

எக்சர்சைஸை விடாமல் செய், எல்லாம் சரியாகிவிடும் என்றார். அந்தக் குரலில் அதே அதிகாரம். நகரப் போனவரின் முன்னால் போய் நின்றேன்.

"அன்னைக்கு நான் உங்ககிட்ட சொன்னேனா இல்லையா சார்?"

சுற்றிலும் பார்த்தார். "நல்ல காரியம் நடக்குற இடத்துல எதுக்கும்மா அதெல்லாம்?"

"சொன்னேனா, இல்லையா?"

பின்னால் சாம்பார் வாளியோடு வந்தவர் வழி கேட்டு நின்றார். நான் நகரவில்லை. சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொன்னே. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை. திரும்பி நடந்துவிட்டேன். அவர் வாயிலிருந்து அது வந்தால் ஆறிவிடும் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். ஆறவில்லை. தெரிந்தேதான் மூட்டையை வைத்திருக்கிறார் என்பது உறுதியானதும் கோபம் இன்னும் ஏறியது.

கோல்கீப்பர் எனக்குப் பக்கத்து இலையைப் பிடித்து வைத்திருந்தாள். என்ன சொன்னான் என்று கேட்டாள். நான் அன்றைக்குச் சொன்னதை ஒத்துக்கொண்டான் என்றேன்.

"உன் காதுல ஒத்துக்கிட்டா போதுமா? அந்த ஏசி ரூம்ல வந்து சொல்லச் சொல்லு" என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் கல்யாணப் பெண்ணிடம் போய், ஃபிட்னஸ் சார் இப்போது வேலை பார்க்கிற கிளப்பில் ஆடுகிற, அவளுக்குத் தெரிந்த பெண் ஒருத்தியின் போன் நம்பரை வாங்கினோம். மண்டபத்து வாசலிலேயே நின்று, எங்களுக்கு நடந்ததைச் சொல்ல அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டோம்.