மூலையில் ஓர் அம்புக்குறி

அவருக்குப் பார்மட் என்று பெயர் வைத்தது யார் என்பதில் கடைத்தெருவில் இன்றுவரை இரண்டு கட்சிகள் உண்டு. செய்கிற தொழிலைப் பார்த்துப் பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் வைத்தது என்பது ஒரு கட்சி. வீட்டில் அவர் மறக்கிற லட்சணத்தைப் பார்த்து மனைவி வைத்தது என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியிடம் ஆதாரம் அதிகம். சோப்பு வாங்கப் போய்ப் பல்புடன் திரும்பியவர் அவர். கல்யாண நாளன்று மனைவியைப் பார்த்து, "என்ன விசேஷம், புதுத் துணியெல்லாம் போட்டிருக்க?" என்று வாய்விட்டுக் கேட்டவர்.

பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிச் சுத்தம் செய்து மறுபடியும் விற்பது அவர் தொழில். சுத்தம் என்றால் சாதாரணச் சுத்தம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முதலில் கீபோர்டைக் கவிழ்த்து முதுகில் நாலு தட்டு தட்டுவார். பிஸ்கட் தூள், ஸ்டேப்ளர் பின், தலைமுடி எல்லாம் கொட்டும். ஒருமுறை ஒரு பால் பல் விழுந்தது. விசைகளின் தேய்மானத்தை வைத்தே பழைய சொந்தக்காரரின் சரித்திரத்தைச் சொல்லிவிடுவார். எண்கள் தேய்ந்திருந்தால் கணக்காளர். அழிக்கும் விசை தேய்ந்திருந்தால் காதல் கடிதம் எழுதியவர். அது மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் கவிஞர்.

பிறகு பெட்டியைத் திறந்து ப்ளோயரைப் போடுவார். தூசி கிளம்பும். அதைவிடச் சத்தம் கிளம்பும். கடைசியாக ஹார்ட் டிஸ்க். மற்ற கடைக்காரர்கள் பார்மட் செய்து அழிப்பதோடு சரி. பார்மட், அழித்த இடத்தில் பூஜ்யங்களாக எழுதி நிரப்பி, அதன் மேலும் ஒருமுறை எழுதி, அதையும் அழித்த பிறகுதான் மூச்சு விடுவார். யாருடைய போட்டோவையும் திறந்து பார்த்ததில்லை. யாருடைய கடிதத்தையும் படித்ததில்லை. சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தார்: 'இங்கு அழித்ததை ஆண்டவனாலும் மீட்க முடியாது.' ஆண்டவன் தரப்பிலிருந்து இதுவரை மறுப்பு எதுவும் வரவில்லை.

கடையின் முன் அறையில் மனைவி. ஊரில் எல்லோருக்கும் டைப்பிஸ்ட் அக்கா. விண்ணப்பம், புகார் மனு, விடுப்புக் கடிதம், மன்னிப்புக் கடிதம் எது வேண்டுமானாலும் அவரிடம் வர வேண்டும். அவருடைய வேகத்துக்குக் காரணம் விரல்கள் மட்டும் இல்லை. டைப்பிங் சாப்ட்வேரில் அவர் சேர்த்து வைத்திருந்த சுருக்குகள். 'மி' என்று தட்டினால் போதும், 'மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முழு வாக்கியமும் வந்து நிற்கும். 'கீ' என்றால் 'கீழே கையொப்பமிட்டுள்ள நான் சமர்ப்பிப்பது யாதெனில்'. பத்து வருஷத்துக்கு மேலாக ஒவ்வொன்றாகச் சேர்த்தது. ஊரின் பணிவெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

அந்தச் சுருக்குகளில் ஒரு பகுதி பொதுமக்களுக்கானது இல்லை. உள் அறையில் ப்ளோயர் ஓடும்போது அக்கா கத்துவது பார்மட்டுக்குக் கேட்காது. தொண்டையைக் கிழித்துக்கொள்வானேன் என்று அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். சொல்ல வேண்டியதைப் பெரிய எழுத்தில் தட்டி, மானிட்டரை உள் அறைப் பக்கம் திருப்பிவிடுவார். மனு எழுதிப் பழகிய கை. அதனால் திட்டுகூட மனுத் தமிழில்தான் வரும்.

'பொருள்: தேநீர். ஆறிக்கொண்டிருக்கிறது. உடன் நடவடிக்கை எடுக்கவும்.'

'மேற்படி நபர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். தாங்கள் வெளியே வர வேண்டாம்.'

'மின்விசிறியை அணைக்காமல் கிளம்பிவிட்டீர்கள் என்பது தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது.'

தினமும் சொல்ல வேண்டியவை என்பதால் இவற்றுக்கும் சுருக்கு வைத்திருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கைக்குள் ஒருநாள் பள்ளிக்கூட எழுத்தர் வந்தார். கையில் ஒரு பழைய வயரைத் தூக்குக்கயிறு மாதிரி பிடித்திருந்தார்.

"அண்ணே, எங்க ஸ்கூல் பிரிண்டர் இந்த அகல வாய் வயர்ல மட்டும்தான் வேலை செய்யுது. கம்ப்யூட்டர் செத்துப் போச்சு. புதுசு எதுலயும் இந்த வாய் இல்லையாம். திங்கக்கிழமை சான்றிதழ் அடிக்கணும். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்ல."

பார்மட் கடை முழுக்கத் தேடினார். அகல வாய் கொண்ட பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் முன்னால் டைப்பிஸ்ட் அக்கா உட்கார்ந்திருந்தார். ஆண்கள் இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"என்ன பார்வை அது?"

"இல்லம்மா, உனக்கும் இது பழசாயிடுச்சு. இரைச்சல் வேற. புதுசா ஒண்ணு தர்றேன், பறக்கும்."

"பறக்கிறது இருக்கட்டும். என் சுருக்கெல்லாம்?"

"அப்படியே அதுல மாத்திக் குடுத்துடறேன்."

"ஒண்ணுகூட விடாம?"

"யாருகிட்டம்மா கேக்குற? எத்தனை வருஷமா இதுல இருக்கேன்!"

"அதனாலதான் கேக்குறேன். நீங்க அழிச்சுத்தான் பார்த்திருக்கேன். எதையும் பத்திரமா வெச்சுப் பார்த்ததில்ல." பையை எடுத்துக்கொண்டார். தங்கை வீட்டுக்கு இரண்டு நாள் பயணம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. வாசலில் திரும்பி நின்று சொன்னார்: "அது இல்லேன்னா எனக்குக் கை இல்லாத மாதிரிங்க. ஞாபகம் வெச்சுக்குங்க."

ஞாபகம் வைத்துக்கொண்டார். அன்று பிற்பகல் முழுவதும் அதையே மனசில் சொல்லிக்கொண்டு அந்தப் பெட்டிக்கு ராஜ உபசாரம் செய்தார். பல் துலக்கும் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்தார். விசிறிக்கு எண்ணெய் விட்டார். மனைவியின் நகம் பட்டுப் பள்ளம் விழுந்திருந்த விசையை மட்டும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். திரையில் 'சுருக்கு' என்ற பெயரில் ஒரு சின்னம் இருந்தது. மனைவியின் வசதிக்காக அவரே ஒரு காலத்தில் வைத்துக் கொடுத்தது. அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டார். பெயரை இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு தம் வழக்கப்படி அழித்து, நிரப்பி, மறுபடி நிரப்பி, அழித்து, புதிதாக எல்லாவற்றையும் ஏற்றி, எழுத்தரின் கையில் ஒப்படைத்தார்.

அதற்குப் பிறகுதான் பென் டிரைவைப் புதுப் பெட்டியில் சொருகினார். 'சுருக்கு' இருந்தது. அதன் இடது மூலையில் ஒரு குட்டி அம்புக்குறியும் இருந்தது.

இந்த அம்புக்குறியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வாரத்துக்கு ஒருவராவது இதே தவறோடு பார்மட்டிடம் வந்து அழுவார்கள். அப்போது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆற்றும் உரை தெருவில் பிரசித்தம்: "மூலைல என்ன இருக்கு பாருங்க. அம்புக்குறி இருந்தா அது ஃபைல் இல்ல சார், ஃபைல் இருக்கிற இடத்துக்கு வழிகாட்டுற போர்டு. ரோட்டோரப் பலகையைப் பிடுங்கிட்டு வந்து, ஊரையே கொண்டாந்துட்டேன்னு சொன்னா எப்படி? படிச்சவர்தானே நீங்க?"

பார்மட் கண்ணாடியைக் கழற்றினார். உரையாற்ற எதிரில் யாரும் இல்லாததால் மறுபடி மாட்டிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். ஏதோ சோதனை என்று சொல்லி, அழித்ததை மீட்கும் சாப்ட்வேர்கள் தம்மிடம் இருந்த எல்லாவற்றையும் அந்தப் பெட்டியில் ஓட்டிப் பார்த்தார். பூஜ்யம். எங்கே தொட்டாலும் பூஜ்யம். ஓர் எழுத்து, ஒரு கால், ஒரு கொம்பு மிச்சமில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக, தாம் ஒரு மட்டமான தொழிலாளியாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார்.

"அண்ணே, நல்லாத்தானே இருக்கு?" என்றார் எழுத்தர்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் பார்மட், செத்த குரலில்.

மறுநாள் காலை புதுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். விண்ணப்பங்களில் அவருக்கு ஒரு வரிகூடத் தெரியாது. அவை ஊருக்கு எழுதியவை. மானிட்டர் உள் அறைப் பக்கம் திரும்பிய நேரங்கள் மட்டுமே அவருக்குச் சொந்தம். அதையாவது நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்போமே என்று இரண்டு விரலால் ஆரம்பித்தார். 'பொருள்: தேநீர்.' வந்தது. 'மேற்படி நபர்' வந்தார். பிறகு தானாகக் கொட்ட ஆரம்பித்தது. சோப்பைப் பற்றியது, பூட்டாத கதவைப் பற்றியது, மழையில் நனைந்த சட்டையைப் பற்றியது. ஒவ்வொன்றும் நிறுத்தற்குறியோடு, எந்த வார்த்தைக்குப் பின் எது என்ற வரிசையோடு. கல்யாண நாளை மறந்த மூளை, மனைவி கொடுத்த திட்டில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தவறவிடவில்லை.

சிக்கல் ஒன்றுதான். அவர் எப்போதும் முழு வாக்கியத்தைத்தான் பார்த்திருக்கிறார். அதை வரவழைக்க மனைவி எந்த எழுத்தைத் தட்டினார் என்பது தெரியாது. தெரியாததைத் துணிச்சலால் நிரப்புவது ஆண்களின் மரபு. வாக்கியத்தின் முதல் எழுத்தையே சுருக்காக வைத்துவிட்டார். தேநீர் 'பொ' ஆயிற்று. மின்விசிறி 'மி' ஆயிற்று.

டைப்பிஸ்ட் அக்கா திரும்பி வந்து உட்கார்ந்த அன்று வந்த முதல் வாடிக்கையாளர் பள்ளிக்கூட எழுத்தர்தான். சான்றிதழ் அடித்து முடித்த களைப்பில் இரண்டு நாள் விடுப்புக் கேட்க வந்திருந்தார்.

"அக்கா, நல்லா உருக்கமா போடுங்க."

"உருக்கிடலாம்" என்று அக்கா 'மி' தட்டினார்.

திரையில் பெரிய எழுத்தில் வந்து நின்றது: 'மின்விசிறியை அணைக்காமல் கிளம்பிவிட்டீர்கள் என்பது தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது.'

எழுத்தர் அதைப் படித்தார். முகம் வெளுத்தது.

"ஐயையோ! ஆமாக்கா! ஆபீஸ் ரூம்ல சுத்திக்கிட்டுத்தான் இருக்கும்! உங்க கம்ப்யூட்டருக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?" பதிலுக்குக் காத்திராமல் ஓடினார். பழைய பெட்டியை வாங்கிப் புதுப் பெட்டியை விட்டுவிட்டோமே என்று அன்றைக்கே பள்ளிக்கூடத்தில் புலம்பியதாகத் தகவல்.

உள் அறையில் ப்ளோயர் சத்தம் கிளம்பியது. ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த ஒரு பெட்டியைப் பார்மட் மறுபடி ஊதிக்கொண்டிருந்தார்.

அக்கா 'கீ' தட்டினார். 'கீ' மட்டும்தான் வந்தது. 'பொ' தட்டினார், தேநீர் வந்தது. 'சோ' தட்டினார், 'சோப்பு வாங்கச் சென்றவர் பல்புடன் திரும்பியமைக்கு விளக்கம் தேவை' என்று வந்தது. திரையில் 'சுருக்கு' என்ற சின்னத்தைப் பார்த்தார். அழுத்தினார். கோப்பு இருந்த இடத்தில் இல்லை என்று கம்ப்யூட்டர் வருத்தம் தெரிவித்தது. சின்னத்தின் மூலையை உற்றுப் பார்த்தார். அந்த உரையை வாரம் ஒருமுறை காதால் கேட்டு வருபவர் அவர். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எழுந்து போய் ப்ளோயரின் சுவிட்சை அணைத்தார்.

"எல்லாம் போச்சா?"

"போச்சு."

"ஒண்ணுகூட…"

"நான் அழிச்சா ஆண்டவனே வந்தாலும்…"

"தெரியும். பலகை மாட்டியிருக்கீங்க."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப இதெல்லாம்? தேநீரு, சோப்பு?"

"ஞாபகத்துல இருந்து போட்டேன்."

"நம்பச் சொல்றீங்களா? நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா முழிப்பீங்க!"

"அது வேற, இது வேற."

அக்கா முன் அறைக்குப் போய் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்த்தார். பார்மட் பின்னால் நின்று, பரீட்சை விடைத்தாளைத் திருத்தும் வாத்தியார் பக்கத்தில் நிற்கும் பையனைப் போல வியர்த்தார்.

"நில்லுங்க. 'தங்களுக்கு மறதி சற்றே உள்ளது.' இதுல 'மிக அதிகமாக உள்ளது'ன்னுதானே போட்டிருந்தேன்?"

"காப்பி பண்ணும்போது சில சமயம் அப்படி ஆகும்மா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வரக் கூடாது என்று அடக்கினார். மூக்கு வழியாக வந்தது. பிறகு மறுபடி முகத்தை நீட்டிக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல நான் நல்லதா ஒண்ணுகூடச் சொன்னதில்லையா? பூரா திட்டாவே இருக்கு."

"நல்லதெல்லாம் ப்ளோயரை நிறுத்துனப்புறம் வாயால சொல்லுவ. அது இதுல எங்க இருக்கும்?"

அக்கா எழுந்து நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க. நான் சொல்றேன், நீங்க அடிங்க. 'மி'யை நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு 'தா' போடுங்க. தாழ்மை."

அன்று பிற்பகல் தெருவில் போனவர்கள் ஓர் அரிய காட்சியைக் கண்டார்கள். பார்மட் நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்து, 'மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்', 'என் தவற்றைப் பொறுத்தருள வேண்டுகிறேன்', 'இனி இவ்வாறு நிகழாது என உறுதி கூறுகிறேன்' என்று இரண்டு விரலால் குத்திக்கொண்டிருந்தார். பின்னால் டைப்பிஸ்ட் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

செருப்புக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, யாருக்கு இவ்வளவு பெரிய மன்னிப்பு?"

"மாதிரிக்கு அடிக்கிறேன்" என்றார் பார்மட்.

"சரியாத்தான் அடிக்கிறாரு" என்றார் அக்கா. "அந்த 'பொறுத்தருள'வை மட்டும் இன்னொரு தடவை அடிங்க."

சுருக்குகள் முழுவதும் திரும்பி வர இன்னும் பல நாள் ஆகும். வருகிற மனுக்களை வைத்து ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஆனால் அன்று கடையைப் பூட்டும் முன் அக்கா கணவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத் தாமே உட்கார்ந்து, புதிதாக ஒன்றைச் சேர்த்தார். என்னவென்று காட்டவில்லை.

அடுத்த வாரம் ஒரு பெரிய மனிதர் பென் டிரைவோடு கண்கலங்கி வந்தார். மொத்தக் கணக்கும் அதில்தான் என்றார். பார்மட் திறந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார்.

"மூலைல என்ன இருக்கு பாருங்க…"

முன் அறையில் ஒரே ஒரு விசை தட்டும் சத்தம் கேட்டது. மானிட்டர் மெதுவாக உள் அறைப் பக்கம் திரும்பியது.

'அம்புக்குறி குறித்துத் தங்களுக்கே நேரடி அனுபவம் உண்டு என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.'

பார்மட் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பரவாயில்ல சார். எல்லாருக்கும் நடக்கிறதுதான். உட்காருங்க, டீ சாப்பிடலாம்."