விளக்கை மறைத்த முருகன்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், வேலை விஷயமாக நான்கு நாள் கோலாலம்பூர் போனேன். அணுஉலையில் விபத்து நேரும்போது எச்சரிக்கை விளக்குகள் கும்பலாக மின்னும். எது காரணம், எது விளைவு என்று ஆப்பரேட்டருக்குத் தலை சுற்றும். அவரிடம் கேள்வி கேட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் கணினி நிரல் ஒன்றை மூன்று வருடம் உட்கார்ந்து எழுதியிருந்தேன். நகருக்குத் தெற்கே டெங்கில் பக்கம் ஒரு பயிற்சிக் கூடத்தில், பல நாட்டு ஆப்பரேட்டர்கள் முன் அதைக் காட்ட வேண்டும். அவர்கள் வேண்டாமென்றால் மூன்று வருட உழைப்பும் பரணுக்குத்தான்.

முதல் நாள் ஒத்திகையிலேயே மானம் போனது. மாதிரி உலையில் ஒரு வால்வு திறந்து தண்ணீர் வெளியேறியது. என் நிரலோ பம்ப் பழுது என்று சாதித்தது. ஏனென்று புரியவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் விடுதிக்குத் திரும்பி (அறை நாற்பது ரிங்கிட், சுத்தமாக இருந்தது), வாழையிலைச் சாப்பாட்டைக்கூட ருசி தெரியாமல் விழுங்கினேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு எல்லார் முன்னாலும் நிரலைக் காட்ட வேண்டும்; காலை ஏழு மணிக்கே டாக்சி பிடித்தேன். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், பேசிய கட்டணம் 35 ரிங்கிட். ஓட்டுநர் குணா, செந்தூல்காரர். காஜாங் தாண்டியதும் பானட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி வர, வண்டியை ஓரங்கட்டினார்.

“அண்ணே, சூடானா சிவப்பு லைட் எரியுமே?”

“எரியலயே அக்கா! எரிஞ்சா நான் நிப்பாட்ட மாட்டேனா?”

ஸ்டீயரிங்குக்குப் பின்னால், மீட்டர் பலகையில் புத்தம்புது முருகன் ஸ்டிக்கர். ஒரு சந்தேகத்தில் அதன் ஓரத்தை நகத்தால் உரித்தேன். அடியில் சிவப்பு விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

“ஐயய்யோ! நேத்துதான் பத்துமலைல வாங்கி ஒட்டுனேன் லா!” என்று தலையில் கைவைத்தார்.

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினேன். ஒத்திகையில், பக்கத்து சுவிட்சில் மாட்டிய ‘பராமரிப்பில்’ அட்டை அந்த வால்வு விளக்கின் மேல் தொங்கியது நினைவுக்கு வந்தது. விளக்கு எரிகிறதா என்று நிரல் கேட்டது. ஆப்பரேட்டர் “இல்லை” என்றார். குணா சொன்ன அதே “இல்லை”.

இஞ்சின் ஆறி, எதிர்க்கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றிக் கிளம்ப இருபத்தைந்து நிமிடம் ஆனது. 8.20க்குப் போய்ச் சேர்ந்தவள், ஒன்பது மணிக்குள் ஆம், இல்லை என்ற பதில்களுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: ‘பார்க்க முடியவில்லை’. அதை அழுத்தினால், யாராவது போய்ப் பார்த்து வரும்படி நிரல் சொல்லும்.

ஒன்பது மணிக்கு அதே விபத்து, அதே ஆப்பரேட்டர். மூன்றாவது பதிலை அழுத்தினார். எழுந்து போய் அட்டையைத் தூக்கினார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வால்வு என்றது நிரல். மூடிவிட்டு வந்தவர், தன் நிலையத்துக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலை நெரிசலுக்கு அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்; டாக்சியில் ஏறுமுன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள்.

மாலை ஐந்து மணிக்கு குணா வாசலில் நின்றார். முருகன் கண்ணாடி ஓரத்துக்கு இடம் மாறியிருந்தார். “மன்னிச்சிருங்க அக்கா, காலையில உங்கள லேட்டாக்கிட்டேன்,” என்றார். அவர் லேட்டாக்காவிட்டால், நேரத்துக்குப் போய்த் தோற்றிருப்பேன்.